காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஓர் அரிய விருந்தாளி

2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். காஷ்மீரிலுள்ள வூலர் ஏரியில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அந்த ஏரியில் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வாத்துகள் நீந்துவது வழக்கந்தான். ஆனால் இந்த ஒரு வாத்தைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின, பறவையியலார் மகிழ்ந்தனர். ஏன் தெரியுமா? அது நீள்வால் வாத்து. காஷ்மீரில் அந்த இனம் காணப்பட்டதாகப் பதிவாகி 84 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய பதிவு 1939-ஆம் ஆண்டைச் சேர்ந்தது!

வடதுருவத்தை ஒட்டிய கடற்கரையில் வாழும் ஒரு பறவை, கடலே இல்லாத மலைநாட்டுப் பள்ளத்தாக்குக்கு எப்படி வந்தது? ஒரே ஒரு பறவை வந்ததிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்ள முடியும்? எதைத் தெரிந்துகொள்ள முடியாது? இவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போமா?

மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்

உங்கள் நிலப்படப் புத்தகத்தைத் திறந்து இந்தியாவின் வடகோடியைப் பாருங்கள். தெற்கிலும் மேற்கிலும் பீர் பஞ்சால் மலைத்தொடர். வடக்கிலும் கிழக்கிலும் இமயத்தின் பெருந்தொடர். இரண்டுக்கும் நடுவே நீள்வட்டக் கிண்ணம் போல அமைந்திருப்பதே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. இதன் நீளம் சுமார் 135 கிலோமீட்டர். அகலம் சுமார் 32 கிலோமீட்டர். இதிலுள்ள ஸ்ரீநகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இப்பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்றும், காசிப முனிவர் மலையைப் பிளந்து நீரை வெளியேற்றினார் என்றும் ஒரு பழங்கதை உண்டு. கதை அப்படியிருக்க, நிலவியலாரும் இங்கே பெரிய ஏரி ஒன்று இருந்ததற்குச் சான்று கண்டிருக்கிறார்கள். 'கரேவா' என்று காஷ்மீர மக்கள் அழைக்கும் மேட்டு நிலங்கள், பழைய ஏரியின் அடியில் படிந்த வண்டலே. குங்குமப்பூ விளைவது இந்த மேடுகளில்தான்.

அந்தப் பழைய ஏரி போய்விட்டாலும், தாழ்ந்த இடங்களில் நீர் இன்றும் தேங்கி நிற்கிறது. ஜீலம் ஆறு பள்ளத்தாக்கின் நடுவே மெல்ல ஓடி, வூலர் ஏரியில் நுழைந்து, பின் பாரமுல்லாவுக்கு அருகே மலையிடுக்கு வழியாக வெளியேறுகிறது. வூலரைத் தவிர ஹோகர்சர், ஹைகாம், ஷாலபுக் முதலிய சதுப்பு ஏரிகளும் உண்டு. இவை நான்கும் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. வூலர் 1990-இலும், ஹோகர்சர் 2005-இலும், மற்ற இரண்டும் 2022-இலும் அப்பட்டியலில் சேர்ந்தன.

குளிருக்கு அஞ்சிக் குளிரிடமே வருவதா?

டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்களைக் காஷ்மீர மக்கள் 'சில்லை கலான்' என்பார்கள். 'பெருங்குளிர்' என்று பொருள். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். தால் ஏரியின் மேற்பரப்பு ஆங்காங்கே உறைந்துவிடும். மக்கள் 'பெரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டியை வைத்துக்கொண்டு நடமாடுவார்கள்.

இப்படிப்பட்ட குளிரில்தான் கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமத்தலை வாத்து, சாம்பல் நிறப் பெருவாத்து என்று பல இனப் பறவைகள் இலட்சக்கணக்கில் இங்கு வந்து தங்குகின்றன. குளிரிலிருந்து தப்ப வேண்டுமானால் வெப்பமான இடத்துக்கல்லவா போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பறவைகள் புறப்பட்டு வரும் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குளிர் இதைவிடப் பன்மடங்கு கடுமையானது. அங்கே ஏரிகள் மாதக்கணக்கில் பாறை போல் உறைந்து கிடக்கும். வாத்துக்குக் குளிரைக் காட்டிலும் பெரிய பகை பசி. நீர் உறைந்துவிட்டால் நீர்ச்செடியும் விதையும் நத்தையும் பனிக்கட்டிக்கு அடியில் சிறைப்பட்டுப் போகும்.

காஷ்மீரத்து ஏரிகள் முழுவதும் உறைவது அரிது. நீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிக அடர்த்தியாக இருக்கும் என்று பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். அதனால் அந்தச் சற்றே வெதுவெதுப்பான நீர் அடியில் தங்குகிறது. இன்னும் குளிர்ந்த நீர் மேலே நின்று பனிக்கட்டியாகிறது. பனிக்கட்டி ஒரு மூடி போல மிதப்பதால் அடியிலுள்ள உயிர்கள் பிழைக்கின்றன. ஊற்று சுரக்கும் இடங்களிலும் ஆற்று நீர் ஓடும் இடங்களிலும் மூடியே விழுவதில்லை. அந்தத் திறந்த நீரே வாத்துகளுக்குச் சாப்பாட்டு மேசை.

வாத்தின் வெறுங்கால்கள் பனிக்கட்டியின்மேல் விறைத்துப் போகாதா? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. காலுக்குச் செல்லும் சூடான இரத்தக் குழாயும் காலிலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றன. கீழே இறங்கும் இரத்தம் தன் வெப்பத்தை மேலேறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே உடம்பின் வெப்பம் கால் வழியே வீணாவதில்லை. பாதம் மட்டும் உறையாத அளவுக்குக் குளிர்ந்த நிலையில் இருக்கும்.

நீள்வால் வாத்தின் சொந்த ஊர்

நமது விருந்தாளி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. நீள்வால் வாத்து, துருவத்தை ஒட்டிய மரமற்ற 'தூந்திர' நிலத்தில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும். பால்டிக் கடல், வட அட்லாண்டிக், வட பசிபிக் கரைகள் ஆகியவையே அதன் வழக்கமான குளிர்கால இருப்பிடங்கள். வாத்துகளில் மிக ஆழமாக மூழ்குவனவற்றுள் இதுவும் ஒன்று. சுமார் 60 மீட்டர் ஆழம் வரை மூழ்கக்கூடியது! இருபது மாடிக் கட்டடத்தின் உயரம் அது. மூழ்கும்போது கால்களோடு சிறகுகளையும் அசைத்து நீருக்குள் 'பறந்து' போய்ச் சிப்பிகளையும் சிறு நண்டினங்களையும் பிடிக்கும். வூலர் ஏரியோ சில மீட்டர் ஆழமே உள்ளது. கடலில் முத்துக் குளிப்பவர் கிராமத்துக் குளத்தில் இறங்கியது போலத்தான்!

அரிய பறவைகள் ஏன் வழி மாறி வருகின்றன?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமான சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, அனுபவமின்மை. ஹாலந்து நாட்டுப் பறவையியலார் பெர்டெக் என்பவர் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற சோதனையின் முடிவுகளை 1958-இல் வெளியிட்டார். இலையுதிர் காலத்தில் ஹாலந்து வழியே வலசை போகும் ஸ்டார்லிங் பறவைகள் 11,000-க்கு மேல் பிடிக்கப்பட்டன. இவை நம் மைனாவின் உறவினங்கள். அவற்றின் கால்களில் வளையமிட்டு, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டனர். இப்பறவைகள் வழக்கமாகத் தென்மேற்காகப் பறந்து வட பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் குளிர்காலத்தைக் கழிப்பவை. என்ன நடந்தது? முதிர்ந்த பறவைகள் தாம் இடம் மாறிவிட்டதை உணர்ந்து, வடமேற்காகத் திரும்பித் தம் வழக்கமான இடத்தை நோக்கிப் பறந்தன. அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகளோ, பழைய தென்மேற்குத் திசையிலேயே பறந்து தென் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் போய்ச் சேர்ந்தன!

இதிலிருந்து தெரிவது என்ன? எந்தத் திசையில் போவது என்பது இளம் பறவைக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது. எந்த இடத்துக்குப் போவது என்பதை அது பயணம் செய்துதான் கற்றுக்கொள்கிறது. எனவே புயலோ பக்கக் காற்றோ ஓர் இளம் பறவையைப் பாதையிலிருந்து ஒதுக்கிவிட்டால், அது தவறான இடத்திலிருந்து சரியான திசையில் பறந்து, யாரும் எதிர்பாராத நாட்டில் போய் இறங்கும்.

இரண்டாவது, திடீர்க் கடுங்குளிர். வழக்கமாக உறையாத ஏரிகளும் ஒரு சில ஆண்டுகளில் உறைந்துவிடும். அங்கே தங்கியிருந்த பறவைகள் திறந்த நீரைத் தேடி மேலும் தெற்கே நகரும்.

மூன்றாவது, பிறந்த ஊரில் ஏற்படும் செழிப்பு. 2013-14 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் துருவத்து வெள்ளை ஆந்தைகள் ஏராளமாக வந்து இறங்கின. ஒன்று வெப்பமான புளோரிடா வரை போய்விட்டது. பட்டினியால் ஓடி வந்தவை என்றே பலரும் நினைத்தனர். பிடித்து எடை பார்த்தபோது பல ஆந்தைகள் நன்கு கொழுத்திருந்தன. முந்தைய கோடையில் லெம்மிங் என்னும் எலியினம் பெருகியதால் ஆந்தைக் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன. அந்த இளம் ஆந்தைகளே இடம் தேடித் தெற்கே பரவின.

வூலருக்கு வந்த வாத்து இவற்றுள் எந்தக் காரணத்தால் வந்தது? காலில் வளையமோ, முதுகில் செயற்கைக்கோள் கருவியோ இல்லாத ஒற்றைப் பறவையை வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய இயலாது. காரணம் சொல்ல ஆசைதான். ஆனால் சான்று இல்லாத இடத்தில் நின்றுவிடுவதே அறிவியல் முறை.

பார்த்தேன் என்றால் போதுமா?

ஓர் அரிய பறவையைக் கண்டதாக ஒருவர் சொன்னால் அறிஞர்கள் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. காஷ்மீரில் ஊசிவால் வாத்து மிகவும் சாதாரணம். அதன் ஆணுக்கும் நீண்ட கூரிய வால் உண்டு. தொலைவில் நீண்ட வாலோடு ஒரு வாத்தைக் கண்டவுடன், அரிய பறவை என்று மகிழ்ந்துவிட்டால் தவறு நேரலாம். எப்படி வேறுபடுத்துவது?

ஊசிவால் வாத்துக்கு மெல்லிய நீண்ட கழுத்து. ஆணின் தலை பழுப்பு நிறம். இரை தேடும்போது தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி நிற்கும். உடல் முழுதும் மூழ்காது. நீள்வால் வாத்து குட்டைக் கழுத்தும் உருண்டைத் தலையும் உடையது. குளிர்காலத்தில் ஆணின் தலை வெண்மையாகி, கன்னத்தில் கருமையான திட்டு இருக்கும். அலகு குட்டை. இரை தேடும்போது முழுவதும் மூழ்கி மறைந்துவிடும். அதன் பெட்டைக்கோ நீண்ட வாலே இல்லை! ஆகவே வாலை மட்டும் நம்பினால் ஒரு முறை இல்லாததைக் கண்டதாகச் சொல்வோம். மறு முறை இருப்பதைக் காணாமல் விடுவோம்.

முற்காலத்தில் இத்தகைய ஐயத்தைத் தீர்க்கப் பறவையைச் சுட்டுத் தோலைப் பாடம் செய்து காட்சிசாலையில் வைத்தார்கள். ஹோகர்சர் போன்ற ஏரிகள் அக்காலத்தில் மகாராஜாவின் வேட்டைக் காடுகளாக இருந்தன. இன்று ஒரு நல்ல புகைப்படம் போதும். நாள், நேரம், இடம், அருகில் இருந்த பறவைகள், நடத்தை ஆகிய குறிப்புகளும் சேர்ந்தால் பதிவு உறுதியாகிறது. 2002-இல் தொடங்கிய 'ஈபேர்டு' என்னும் உலகளாவிய பதிவேட்டில் யாரும் தம் பட்டியலைச் சேர்க்கலாம். வழக்கத்துக்கு மாறான பெயர் வந்தால், அந்த வட்டாரப் பறவைகளை நன்கறிந்த தொண்டர்கள் சான்று கேட்டுப் பரிசீலிப்பார்கள்.

84 ஆண்டுகள் வரவே இல்லையா?

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளத்தாக்கில் 20 ஏரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அரிய பறவை அவற்றுள் ஏதோ ஒன்றில் ஒரே ஒரு நாள் தங்குகிறது. அன்று ஒரே ஒருவர் ஓர் ஏரிக்கு மட்டும் போனால், அவர் அதைக் காணும் வாய்ப்பு இருபதில் ஒன்று. பத்துப் பேர் பத்து ஏரிகளுக்குப் போனால் வாய்ப்பு சரிபாதி. பறவை ஒன்றுதான், பார்ப்பவர்கள் பெருகியதால் வாய்ப்பு பத்து மடங்காகியது.

காஷ்மீரில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து நெடுங்காலம் நிலவிய கலவரச் சூழ்நிலையில் ஏரிக்கரைகளில் பைனாகுலருடன் உலவியவர்கள் மிகக் குறைவு. அண்மைக் காலத்தில் இளைஞர்கள் பலர் காமிராவும் கையுமாகக் கிளம்பியிருக்கிறார்கள். எனவே "84 ஆண்டுகளாகக் காணப்படவில்லை" என்பதை "84 ஆண்டுகளாக வரவில்லை" என்று படித்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

அதே போல, "அரிய பறவை வந்துவிட்டது, ஆகவே ஏரி நலமாக இருக்கிறது" என்று சொல்வதும் அவசரமே. வழி தவறிய பறவை, கிடைத்த நீரில் இறங்கும். ஏரியின் நலத்தை அறிய, ஆண்டுதோறும் வரும் சாதாரணப் பறவைகளைத்தான் எண்ண வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடந்து வருகிறது. காஷ்மீரில் வனவிலங்குத் துறையினரும் தொண்டர்களும் ஏரிதோறும் சென்று எண்ணுகிறார்கள். ஒவ்வொன்றாக எண்ணுவது இயலாத காரியம். ஆகவே பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். அதைக் கொண்டு நூறு, ஆயிரம் என்று கூட்டத்தை அளப்பார்கள்.

சாதாரணம் அரிதாகும் கதை

இப்படி ஆண்டுதோறும் எண்ணுவது ஏன் அவசியம்? ஏனெனில் இன்று சாதாரணமாயிருப்பது நாளை அரிதாகிவிடலாம். இராஜஸ்தானத்தின் பரத்பூர் சரணாலயத்துக்குச் சைபீரியப் பெருங்கொக்குகள் குளிர்தோறும் வந்துகொண்டிருந்தன. 1960-களின் நடுவில் சுமார் 200 பறவைகள். பின்னர் ஆண்டுக்காண்டு குறைந்தன. 2001-02 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டும் வந்தது. அதன் பின் அங்கு வரவே இல்லை.

நம் நீள்வால் வாத்தின் நிலையும் கவலைக்குரியதே. பால்டிக் கடலில் 1992-93 குளிர்காலத்தில் சுமார் 43 இலட்சமாக இருந்த இவ்வினம், 2007-09 கணக்கெடுப்பில் சுமார் 15 இலட்சமாகக் குறைந்துவிட்டது. மீன் வலைகளில் சிக்கி மூழ்குவதும் கப்பல் எண்ணெய்க் கசிவும் இதன் உயிருக்கு நேரும் ஆபத்துகள். ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம் என்று 2012-இல் இது உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஏரியின் கதை என்ன? 1911-இல் சுமார் 158 சதுர கிலோமீட்டராக இருந்த வூலர் ஏரி, 2007-இல் சுமார் 87 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தது. மலைச்சரிவில் காடு குறைந்ததால் அடித்து வரப்பட்ட வண்டல் ஏரியை மேடாக்கியது. விறகு முதலிய தேவைகளுக்காக ஏரிப் பகுதியிலேயே வில்லோ மரங்கள் நடப்பட்டன. அவற்றின் வேர்கள் மேலும் வண்டலைப் பிடித்து நிறுத்தின. கரைகள் வயலாயின.

இது பறவைகளின் இழப்பு மட்டுமா? பெருமழை பெய்தால் ஜீலத்தின் மிகைநீரைத் தாங்கிக்கொள்ளும் பஞ்சு போன்றவை இந்த ஏரிகளும் சதுப்புகளும். பஞ்சு சிறுத்தால் நீர் ஊருக்குள் புகும். 2014 செப்டம்பரில் ஸ்ரீநகரம் பெருவெள்ளத்தில் மூழ்கிய பின், பலரும் இதை உணர்ந்தனர். அண்மை ஆண்டுகளில் வூலரில் மரங்களை அகற்றித் தூர் வாரும் பணி நடைபெற்றுள்ளது.

நம் ஊர்க் குளத்தில்

காஷ்மீர் தொலைவில் இருக்கிறதே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள் உடைய அழகிய பறவை அது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது, 7,290 மீட்டர் உயரத்தில் ஒரு வரித்தலை வாத்து பறந்தது பதிவாகியிருக்கிறது. காற்றில் பிராணவாயு மிகக் குறைந்த அந்த உயரத்திலும் அதைப் பற்றிக்கொள்ள வல்லது அதன் இரத்தம். அந்த இனம் குளிர்தோறும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது! வடக்கே உள்ள ஈரநிலங்களும் தெற்கே உள்ள குளங்களும் ஒரே நெடும்பாதையில் அமைந்த சத்திரங்கள். ஒரு சத்திரம் பாழானாலும் பயணம் தடைப்படும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய, வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், உங்கள் ஊர்க் குளத்துக்கோ ஏரிக்கோ சென்று அரை மணி நேரம் நில்லுங்கள். கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து, அலகு, கால், கழுத்து, நிறம், மூழ்குகிறதா மிதக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையும் இல்லாத நாளையும் 'இல்லை' என்று தவறாமல் எழுதுங்கள்; அதுவும் ஒரு பதிவே. அடுத்த குளிர்காலத்திலும் இதையே செய்து, இரண்டு ஆண்டுப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எந்தப் பறவை கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது, எது புதிதாக வந்திருக்கிறது என்று உங்கள் நோட்டுப் புத்தகமே சொல்லும்.